உம்மா சொன்ன வாடை



இவ்விதழை நீங்கள் அடுப்படியில் வைத்துப் படிப்பவராயின், ஒரு கணம் எழுந்து உங்கள் கேஸ் அடுப்பின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர் குழாய் அடுப்பின் பித்தளை மூக்கில் எவ்வாறு மாட்டப்பட்டிருக்கிறது? அதன்மேல் நூலோ, துணியோ, குழாய் வேலை செய்பவர்கள் சுற்றும் வெள்ளை டேப்போ இருக்கிறதா? இருந்தால் இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்பட்டது. இல்லையென்றாலும் படியுங்கள். நான் பட்ட வெட்கத்தால் யாருக்கேனும் பயன் கிடைக்கட்டும்.

நான் மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன். கல்லூரியில் படித்தது வரலாறு. குழாய்களோடும் மரைகளோடும் எனக்கிருந்த உறவெல்லாம், மத்ரஸாவில் பிள்ளைகள் ஒளூ செய்யும் குழாய் ஒழுகும்போது, ஆள் கிடைக்காத நாட்களில் நானே வெள்ளை டேப் சுற்றி இறுக்குவதோடு சரி. ஒழுகல் நின்றுவிடும். பிள்ளைகள் என்னை வியப்போடு பார்ப்பார்கள். அந்த வியப்புத்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது எண்ணுகிறேன்.

2023 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், உம்மாவின் வீட்டு அடுப்பில் குழாயின் நுனி தளர்ந்திருப்பதைக் கண்டேன். வாப்பா மௌத்தான பிறகும் உம்மா பழைய வீட்டை விட்டு வர இசையவில்லை. என் வீடு அடுத்த தெருவில்தான். காலையும் மாலையும் போய்ப் பார்த்து வருவேன். அன்று குழாயைக் கழற்றி, பித்தளை மூக்கில் டேப்பை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, குழாயை மறுபடியும் அழுத்தி மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிப் பற்றவைத்தேன். அடுப்பு நீலமாக எரிந்தது. புதுக் குழாய் வாங்கும் செலவு மிச்சம் என்று மகிழ்ந்து வீடு திரும்பினேன்.

இரண்டு வாரம் சென்றிருக்கும். “சுபுஹுக்கு எந்திரிச்சா அடுப்படியில வாடை வருது வாப்பா” என்றார் உம்மா. நான் போனபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது; சன்னல் திறந்திருந்தது. மோந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. “சாக்கடை வாடையா இருக்கும் உம்மா” என்றேன். சில நாள் கழித்து மறுபடியும் சொன்னார். மறுபடியும் அதையே சொன்னேன். வயதானவர்களுக்கு மூக்கும் நாக்கும் ஏமாற்றும் என்று என் துணைவியாரிடம் கூறியதாகவும் நினைவிருக்கிறது.

மூன்றாம் முறை உம்மா என்னிடம் சொல்லவில்லை. இதை எழுதும்போதுதான் கை தயங்குகிறது. சொல்லிப் பயனில்லை என்று கண்டு, சுபுஹுக்கு எழுந்ததும் விளக்கைப் போடாமல் இருட்டிலேயே தட்டுத் தடுமாறிச் சென்று, பின்கதவையும் சன்னலையும் திறந்து வைத்துவிட்டு, தொழுது முடித்த பின்னரே அடுப்படிக்குள் போவதை வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறார். அந்த வழக்கம் எனக்குத் தெரியவே தெரியாது.

இந்த இடத்தில் என் லாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே மகன். மச்சான் இளவயதிலேயே அல்லாஹ்விடம் சேர்ந்துவிட்டதால், அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியது முழுவதும் அவர் பொறுப்பிலேயே நடந்தது. பையன் அமெரிக்காவில் வேலையில் இருக்கிறான். அந்த ஆண்டு லாத்தாவின் காதுக்கு ஒரு செய்தி வந்தது. தன்னோடு வேலை செய்யும் இருவரோடு கூட்டாகச் சேர்ந்து, கார் நிறுத்தும் கொட்டகையில் அவன் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறானாம்! பொம்மை விமானம் அன்று. இருவர் உட்கார்ந்து பறக்கும் விமானம்.

லாத்தா அழுதுகொண்டே வந்தார். “நீ ஓதுன ஆளு. நீ சொன்னா கேப்பான். லீவுல வரும்போது அதை விட்டுற வச்சிரு” என்றார். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். வெறுங்கையோடு வாதிடக் கூடாது என்று படித்துத் தயாரானேன். வீட்டில் விமானம் கட்டுவது அந்நாட்டில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு என்பதும், வேலையின் பெரும்பகுதியைத் தன் கையால் செய்பவருக்கே அவ்வனுமதி என்பதும், இதற்கென 1953 இல் தொடங்கப்பட்ட ஒரு சங்கம் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்கோஷ் நகரில் ஆண்டுதோறும் பெருங்கூட்டம் நடத்துகிறது என்பதும் அப்போது அறிந்தவையே. எனக்குத் தேவைப்பட்டது வேறு கணக்கு. அதுவும் கிடைத்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டுத் தனியார் சிறு விமானங்களில் வீட்டில் கட்டியவை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துத்தான். ஆனால் 2011 இல் நேர்ந்த உயிர்ச்சேத விபத்துக்களில் அவற்றின் பங்கு நூற்றுக்கு இருபத்தொன்று. இந்தக் கணக்கும், வீண்விரயம், தன்னுயிரைத் தானே அழிவில் போடுதல் ஆகியன பற்றிய மார்க்கத் தீர்ப்புகளும் என் கைவசம் இருந்தன. பையன் தப்பமுடியாது என்று நம்பினேன்.

டிசம்பரில் வந்தான். வந்த மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் உம்மம்மாவைப் பார்க்க அவனை அழைத்துப் போனேன். மழை பெய்துகொண்டிருந்ததால் சன்னலும் கதவும் சாத்தியிருந்தன. உம்மா முன்கூடத்தில் தஸ்பீஹ் மணியோடு இருந்தார். பேரனுக்குத் தேநீர் போடச் சொல்லி என்னை ஏவினார். அடுப்படி இருட்டாக இருந்தது. நான் முன்னே சென்று விளக்கின் பொத்தானுக்குக் கையை நீட்டினேன்.

“மாமா, லைட்டைப் போடாதீங்க!”

அப்படி ஒரு குரலை அவனிடம் நான் கேட்டதில்லை. என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு, அவனே உள்ளே சென்று ரெகுலேட்டரை மூடினான். பின்கதவையும் சன்னலையும் திறந்தான். உம்மம்மாவைக் கைத்தாங்கலாகத் திண்ணைக்கு அழைத்துச் சென்று அமர்த்தினான். மழைச்சாரலில் நாங்கள் மூவரும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். கேஸ் காற்றைவிடக் கனமானது என்றும், புகைபோல் மேலே போகாமல் தரையோடு படிந்து மூலைகளில் தங்கும் என்றும், ஒரு பொத்தானின் சிறுபொறி அதற்குப் போதும் என்றும் அப்போது அவன் சொன்னான். நான் பதில் பேசவில்லை.

வாடை முற்றிலும் போன பின்னர், ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு உள்ளே போனான். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் மடமையை நம்மில் சிலர் இன்னும் செய்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். அடுப்பின் திருகுகளை மூடியே வைத்து, ரெகுலேட்டரைச் சிறிது நேரம் மட்டும் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் அந்தத் தண்ணீரைத் தடவினான். சிலிண்டரின் தலையில் ஒன்றுமில்லை. அடுப்பின் மூக்கில், நான் மாட்டிய இடத்தில், சின்னச் சின்னக் கொப்புளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ரெகுலேட்டரை மூடிவிட்டுக் குழாயை உருவினான். கிழிந்த வெள்ளை டேப் நூல் நூலாகத் தொங்கியது.

“யாரு மாமா இதைச் சுத்துனது?”

நான் வாய் திறக்குமுன் உம்மா திண்ணையிலிருந்து சொன்னார். “உன் மாமாதான். பாத்துப் பாத்துச் செஞ்சு கொடுத்தான்.”

என்னைக் காப்பாற்றுவதாக எண்ணித்தான் சொன்னார்.

உறங்கச் செல்லுமுன் வீட்டிலுள்ள நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தியையும், மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தோரோடு எரிந்துபோன நிகழ்ச்சியையும் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். விளக்குத் திரியும் சுண்டெலியும் வரை விளக்கிச் சொல்வேன். என் உம்மாவின் அடுப்படியில் இரவு முழுவதும் ரெகுலேட்டர் திறந்தே இருந்தது. அதன் திருகு அவர் விரல்களுக்குக் கடினமாக இருந்ததாம். அதையும் அன்றுதான் அறிந்தேன். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை.

இரவு உணவுக்குப் பின், லாத்தாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் பேச்சைத் தொடங்கியவன் அவன். “மாமா, நாங்க ப்ளேன் கட்டுற கொட்டகையில சுவத்துல எழுதிப் போட்டிருக்கோம், டேப் உள்ளே வரக்கூடாதுன்னு” என்று சிரித்தான். ஏன் என்று கேட்டேன். விரிவாகச் சொன்னான். எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்கும் சொல்கிறேன்.

விமானத்தின் இறக்கையிலுள்ள தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் செல்லும் குழாய் அலுமினியத்தாலானது. அதில் இணைப்புகள் இருவகை. முதல்வகையில் குழாயின் நுனியைப் புனலின் வாய்போல் விரித்துவிடுவார்கள். எதிர்ப்புறத்தில் அதே சரிவுடைய கூம்பு இருக்கும். நட்டை இறுக்கும்போது புனல் கூம்பின்மேல் படிந்து, உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொள்ளும். கசிவைத் தடுப்பது அந்தப் படிவுதான், மரை அன்று. மரைக்கு இரண்டையும் இழுத்துப் பிடிப்பது மட்டுமே வேலை. எனவே அங்கே டேப்போ பசையோ எதுவும் வேண்டியதில்லை. வைத்தால் படிவு கெடும். இந்தச் சரிவு 37 பாகை. அமெரிக்க இராணுவமும் கடற்படையும் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு அது. அந்நாட்டுக் கார்ப் பட்டறைகளில் புழங்கும் விரிப்புக் கருவியோ 45 பாகை. இரண்டையும் அருகருகே வைத்தாலும் என்னைப் போன்றவன் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அந்த 8 பாகையால், முழுமையாகப் படிய வேண்டிய இடம் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டு நிற்கும். இன்னும் இறுக்கினால் நின்றுவிடும் என்று நினைத்து இறுக்குவார்கள். விரித்த நுனியில் விரிசல் விழும்.

(குழாயை அழகாக விரித்து முடித்த பிறகுதான், நட்டை முன்கூட்டியே கோத்திருக்க வேண்டும் என்பது நினைவுக்கு வருமாம். விமானம் கட்டும் எவரும் ஒரு முறையேனும் இதைச் செய்யாமல் இருந்ததில்லை என்றான். மூவருமாகச் சேர்ந்து நான்கு குழாய்களை வெட்டி எறிந்திருக்கிறார்களாம்.)

இரண்டாம் வகை, நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் போல் ஒடுங்கிச் செல்லும் மரை. 16 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்ற வீதத்தில் ஒடுங்கும். எவ்வளவு இறுக்கினாலும் மரையின் உச்சிக்கும் பள்ளத்துக்குமிடையே சுருள்வடிவில் ஒரு நுண்ணிய சந்து மிஞ்சும். ஆகவே அங்கே மட்டும் அடைப்பான் தேவை. நாம் டேப் சுற்றுவோம். அவர்கள் பெட்ரோலில் கரையாத பசையைப் பூசுகிறார்கள். அதையும் நுனியிலுள்ள முதல் மரையை வெறுமையாக விட்டுவிட்டு, அதற்குப் பின்னால்தான். நுனியில் பூசினால் உள்ளே வழிந்துவிடும். டேப்பாயின், திருகும்போது அறுபட்ட ஓர் இழை பெட்ரோலோடு மிதந்து சென்று கார்புரேட்டரின் ஊசித்துளையில் அடைத்துக்கொள்ளும். “தண்ணிக் குழாயில இழை போனா வாளியில விழும் மாமா. அங்கே போனா எஞ்சின் நின்னுரும்” என்றான்.

ஒவ்வொரு நட்டையும் அளவுகாட்டும் ஸ்பானரால் இறுக்கியதும், நட்டின்மேலிருந்து பொருத்தின் மேல்வரை ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார்களாம். அதிர்வினால் நட்டு ஒரு மயிரளவு தளர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். பெட்ரோலிலும் ஓர் அடையாளம் உண்டு. அச்சிறு விமானங்களுக்குரிய பெட்ரோலில் நீலச்சாயம் கலந்திருக்கிறார்கள். கசிந்து உலர்ந்த இடத்தில் நீலக்கறை படியும். விமானத்தை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கறையைத் தேடவேண்டும்.

“நம்ம கேஸுக்கு அந்தக் கறை எது தெரியுமா மாமா? வாடைதான். கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிஞ்சா தெரியணும்னு மெர்காப்டான்னு ஒண்ணைக் கலந்து அனுப்புறாங்க.”

சாட்சியின் இலக்கணத்தை நான் பாடமாக நடத்துகிறவன். தன் இல்லத்தில் தான் நேரில் அறிந்ததை இருமுறை சொன்ன ஒரு சாட்சியை, விசாரணையே இல்லாமல் தள்ளியவனும் நானே. அவனிடம் இதைச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஆனாலும் கொடுத்த வாக்கு இருக்கிறதே! என் கணக்கை எடுத்து வைத்தேன். நூற்றுக்கு இருபத்தொன்று என்றேன். அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் இத்தகைய விமானத்தில் கலிபோர்னியாக் கடலில் விழுந்து இறந்ததையும் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. கணக்குச் சரிதான் என்றான். அந்த விபத்தை மட்டும் விளக்கினான். அவ்விமானத்தை வடிவமைத்தவர், தொட்டியை மாற்றும் பெட்ரோல் அடைப்பானை விமானியின் கால்களுக்கிடையில் வைக்கச் சொல்லியிருந்தார். கட்டியவரோ, ஆள் இருக்கும் அறைக்குள் பெட்ரோல் குழாய் வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றிவிட்டார். பின்னாளில் அவ்விமானத்தை விலைக்கு வாங்கியவர் டென்வர். பறக்கும்போது திரும்பி, கடினமான அந்தப் பிடியைத் திருக முயன்றபோது, அவர் கால் தம்மையறியாமல் வலப்புறச் சுக்கான் மிதியை அழுத்தியிருக்கக் கூடும் என்பது விசாரணையின் முடிவு.

நல்லெண்ணத்தில் மாற்றிவிட்டார் என்ற சொல்லுக்குப் பிறகு என்னால் அந்த வாதத்தைத் தொடர முடியவில்லை.

பேச்சை மாற்ற, நம்மவர் பெருமையைக் கையிலெடுத்தேன். ஸ்பெயினின் குர்துபா நகரில் ஒன்பதாம் நூற்றாண்டில் இறகுகள் கட்டிப் பறந்ததாகச் சொல்லப்படும் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸின் வரலாற்றை நான் மேடைதோறும் பேசியிருக்கிறேன். அந்நகரின் ஆற்றுப் பாலம் ஒன்றுக்கும், நிலவின் பள்ளம் ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டிருப்பதைச் சொல்லும்போது கூட்டம் தக்பீர் முழங்கும். மருமகன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவர் இறங்கும்போது முதுகுல அடிபட்டதையும் சொல்வீங்களா மாமா?” என்றான். நான் சொன்னதில்லை. அவர் 887 இல் இறந்து ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேல் கடந்தபின் அல்மக்கரி எழுதிய வரலாற்றில்தான் இந்நிகழ்ச்சி விரிவாக வருகிறது. பறவை இறங்குவது வாலின் துணையால் என்பதை அறியாமல், வால் வைக்க மறந்தார் என்பதும் அதே வரலாற்றில் இருக்கிறது. வரலாறு படித்தவனாகிய நான் மேடைக்கு இறகை மட்டும் கொண்டுபோயிருக்கிறேன். அவனுக்கோ அந்த வால்தான் பிடித்த பகுதி. என்ன தவறினார் என்பதை எழுதிவைத்திருக்கிறார்களே, அதுதான் பெரிது என்றான்.

மறுநாள் காலை இருவரும் கேஸ் ஏஜென்சிக்குச் சென்று, உள்ளே கம்பிப் பின்னலுடைய ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாய் வாங்கினோம். அதன்மேல் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். ஐந்தாண்டுக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது. பித்தளை மூக்கில் வரிவரியாக மேடுகள் உள்ளன அல்லவா? ரப்பரைக் கவ்விப் பிடிப்பவை அவையே. நான் சுற்றிய டேப் அந்த மேடுகளை மூடி வழவழப்பாக்கியிருந்தது. புதுக் குழாயை எதுவும் சுற்றாமல் கடைசி மேடு வரை அழுத்தி மாட்டினோம். சிலிண்டர் தலைக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தையும் பார்த்தோம், நன்றாக இருந்தது. உம்மாவின் விரல்களுக்கு எளிதாகத் திரும்பும்படி ரெகுலேட்டரையும் மாற்றித் தரச் சொல்லிப் பெற்றோம். கசிவு நேர்ந்தால் எந்நேரமும் அழைக்கலாம் என்ற 1906 என்னும் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினான்.

லாத்தாவிடம் என்ன சொல்வது? “நீயே உன் உம்மாகிட்ட உக்காந்து சொல்லு. எங்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லு” என்றேன். அதுவரை அவன் தன் உம்மாவிடம் இதைப்பற்றி நேராகப் பேசியதே இல்லை; அஞ்சி மறைத்திருக்கிறான். அன்று மாலை செல்போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். அந்த விமானத்தின் வாசலில் ‘பரிசோதனை விமானம்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் பொறிக்க வேண்டியது சட்டம் என்பதையும், தொடக்கத்தில் பொதுவாக 25 முதல் 40 மணி நேரம் ஊர்ப்புறத்துக்கு அப்பால் பறந்து சோதிக்க வேண்டும், அக்காலத்தில் பயணி எவரையும் ஏற்றக் கூடாது என்பதையும் மறைக்காமல் சொன்னான்.

லாத்தா எட்டாவதுவரை படித்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். “பெட்ரோல் ஒழுகுனா நீலமாத் தெரியும்குறே. ராத்திரியில நீலம் தெரியுமா?”

அவன் பதிலுக்குத் திணறியதை அப்போதுதான் பார்த்தேன். “ராத்திரி பறக்க மாட்டேன் உம்மா” என்றான்.

“தனியாவும் பாக்கக் கூடாது. நீ இறுக்குனதை இன்னொருத்தர் பாக்கணும். அவர் இறுக்குனதை நீ பாக்கணும்.”

“சரி உம்மா.”

லாத்தா சம்மதித்தார் என்று எழுத மாட்டேன். இன்றுவரை ‘சரி’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. என்னோடு சில நாட்கள் முகம் கொடுத்துப் பேசவுமில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மகனோடு பேசும்போது, இந்த வாரம் எத்தனை இணைப்பு முடிந்தது, யார் பார்த்தார்கள் என்று விசாரிக்கிறார். ஒரு முறை பசை பூசியதைச் சரிபார்க்க ஆளில்லை என்று அவன் சொல்ல, அதைக் கழற்றி மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறார். செய்தானாம்.

என் வெள்ளை டேப் மத்ரஸா அலமாரியில் இருக்கிறது. ஒளூ குழாய்க்கு அது நன்றாகவே உதவுகிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகுமுன், ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரோடு உம்மாவின் அடுப்படிக்குப் போகிறேன். உம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, “அந்தப் பக்கம் பாத்தியா வாப்பா?” என்று கேட்கிறார். பார்த்துவிட்டேன் என்றாலும், மறுபடியும் ஒருமுறை தடவிக் காட்டச் சொல்கிறார்.